தவறான எச்சரிக்கை

வெருலத்தில் ஒன்பது நாளாகக் குழாயில் காற்றுதான் வருகிறது,
அதனால்தான் இந்தத் தலைப்பு என்று
முன்மொழிவின் முதல் பக்கத்தில் எழுதினோம்.
உண்மை வேறு:
நல்ல தலைப்புகளையெல்லாம்
மற்ற குழுக்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

லுங்கெலோ, சவீஷா, நான்.
மண்ணுக்கடியில் ஒழுகும் குழாயை
மேலிருந்தே கேட்டுச் சொல்லும் கருவி.
ஒரு செம்புக் கம்பி.
பிறந்தநாள் வாழ்த்து அட்டையைக் கிழித்து எடுத்த
பாடும் வில்லை.
வாஸலீன் டப்பா, மூடியைச் சுற்றி சிலிக்கான் பசை.
வாழ்த்து அட்டைக்கு ரசீது கேட்டார்கள்.
யாருடைய பிறந்தநாள் என்றும் கேட்டார்கள்.

பகலில் டர்பன் எதையும் கேட்கவிடாது.
இரவிலும் அடங்காத ஒரு முனகல்,
ஐம்பது ஹெர்ட்ஸ்,
தெருவிளக்கிலும் குளிர்பெட்டியிலும் இருந்து
மண்ணுக்குள் இறங்கிக் கம்பியில் ஏறும்.
வடிகட்டி போட்டுப் பார்த்தோம்.
முனகல் போனது, கூடவே ஒழுகலும் போனது.

மின்வெட்டுதான் காப்பாற்றியது.
ஊரே சபிக்கும் இரண்டு மணி நேரம்
எங்களுக்கு ஆய்வுக்கூடம்.
அந்த அட்டவணையை ஆசையாகப் பார்த்தவர்கள்
மாகாணத்திலேயே நாங்கள் மூவராகத்தான் இருக்கும்.
காவலுக்கு வந்த சவீஷாவின் அண்ணன்
காரில் வாய் திறந்து தூங்குவான்.
லுங்கெலோ மண்டியிட்டு
வால்வின் தலையில் கம்பியை ஊன்றி
இயர்போனில் ஒன்றை எனக்குத் தருவான்.
முதலில் ஒன்றுமில்லை.
ஒரு நாய்.
பிறகு வெகு தொலைவில்
யாரோ அரிசி களைவதுபோல,
நிறுத்தாமல்,
களைந்துகொண்டே இருப்பதுபோல.

'உங்கள் மொழியில் இதற்கு என்ன பேர்?'
கசிவு என்றேன்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எனக்கு மிஞ்சிய சொற்களில் ஒன்று.
மனம் இளகுவதற்கும் அதே சொல்தான்
என்று சொல்ல வந்தேன்.
அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது.
தெரு முழுக்க முனகத் தொடங்கியது.

செயல்விளக்க நாள்.
மணல் பெட்டி, உள்ளே குழாய்,
நாங்களே துளைத்த மூன்று ஓட்டை.
மூன்றையும் சரியாகச் சொன்னது.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
நான்காவது ஒன்றையும் சொன்னது,
பெட்டிக்கு வெளியே, சுவர்ப் பக்கம்.
கம்பியைச் சுவரருகே கொண்டுபோகப் போக
சிவப்பு விளக்கு பித்துப் பிடித்து மினுங்கியது.
டாக்டர் ஃபூரீ பேனாவைத் திறந்தார்.
'தவறான எச்சரிக்கை' என்று எழுதுவதை
தலைகீழாகவே வாசித்துவிட்டேன்.

சுவருக்கும் காதுண்டு என்பது எங்கள் பழமொழி.
வாயும் உண்டு என்று
மேற்கோள் காட்டும்படி யாரும் சொல்லிவைக்கவில்லை.

ஐம்பத்தெட்டு.
சவீஷா மறுமதிப்பீட்டுப் படிவம் வாங்கினாள்,
கட்டணத்தைப் பார்த்தாள்,
நாலாக மடித்து ஆடும் மேசைக்காலுக்கு வைத்தாள்.
அந்த ஆண்டு நாங்கள் செய்தவற்றில்
பிழையின்றி வேலை செய்தது அதுதான்.

பத்தொன்பது நாள் கழித்து
வரைபடக் கூடத்துச் சுவரில்
உள்ளங்கை அளவு ஈரம்.
மதியத்துக்குள் மடகாஸ்கர் வடிவம்.
மூன்று மணிக்குப் பூச்சு பெயர்ந்து விழ
தண்ணீர் தாராளமாகவே வந்தது.
ஆளாளுக்குக் காகிதச் சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
இரண்டாம் ஆண்டுக்காரர்களின் பால்சா மரப் பாலம் ஒன்று
உடையாமல் மிதந்து போனது.
கணுக்கால் நனைய நாங்கள் மூவரும்
பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றோம்.
வெருலத்தில் அன்றும் வாளியோடுதான்
என் அம்மா வரிசையில் நின்றாள்.
அது நினைவுக்கு வர எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மெயின் வால்வு எங்கே?
காவலாளிக்குத் தெரியவில்லை.
பராமரிப்புப் பிரிவில் போனை எடுக்கவில்லை.
டாக்டர் ஃபூரீ காலணியைக் கையில் பிடித்தபடி
ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார்.
லுங்கெலோ பையைத் திறந்து
கம்பியை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

'எல்லோரும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்' என்றான்,
'அந்த விளக்குகளையும் அணையுங்கள்.'